பத்து நிமிடத்தை எங்கே ஒளித்தீர்கள்?

நுகர்பொருள் நிறுவனங்களின் மார்க்கெட்டிங் தலைவர்களுக்கும் பிராண்ட் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பதினாறு வருடமாகிறது. என் பெயர் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கேட்பது ஒன்றுதான்: பிரீஃப் (யாருக்கு, என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் தரும் குறிப்பு) அனுப்பும்போது பொருளையும் அதன் சோதனை அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். புண் ஆறும்வரை சுத்தம் முக்கியம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டில் கம்பி, மருந்து மேசை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் அக்கா நாளுக்கு நான்கு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ஸ்ப்ரே, மறு கையில் துணி. ஸ்ஸ் என்று தெளிப்பாள், துணி அதன் பின்னாலேயே ஓடும். கம்பி பளபளவென்று காய்ந்துவிடும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "உன் ஸ்ப்ரேதான்டா. தெளி, துடை, முடிஞ்சது!"

அந்த வரி நான் எழுதியது. நீங்கள் பதினொரு தடவை திருத்தச் சொல்லி, கடைசியில் முதலில் எழுதியதையே எடுத்துக்கொண்டது.

பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, பாட்டிலை மூக்கருகே வைத்துப் படித்தேன். கிருமி நீக்கத்துக்கு, பரப்பு முழுவதும் நனையும்படி தெளித்து, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு துடைக்கவும். அக்கா விட்டது பத்து நொடிகூட இருக்காது. முன்பக்கம் 99.9% என்று கட்டைவிரல் பருமனுக்கு எழுத்து, அதன் தோளில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி.

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்போ மூணு வாரமா நான் பண்ணினது?" என்றாள். கொஞ்சம் கழித்து, "உனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது. ஏனென்றால் உங்கள் பிரீஃபில் அது இல்லை. யாருக்கு: 25 முதல் 40 வயதுப் பெண்கள். உணர்வு: நிம்மதி. சொல்ல வேண்டியது: வேகம். அவ்வளவுதான். "வேகம்னா எவ்வளவு நேரம்?" என்று அன்றைக்கே கேட்டேன். "அதை லீகல் பாத்துக்கும், நீங்க எமோஷனலா எழுதுங்க" என்று பதில் வந்தது. உங்கள் சட்டப் பிரிவான லீகலும் பார்த்துக்கொண்டது. ஒரு நட்சத்திரத்தைப் போட்டது.

அந்த 99.9 என்ன என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். குறிப்பிட்ட சில கிருமிகள், குறிப்பிட்ட நேரம் ஈரத்தில் இருந்தால், இவ்வளவு சாகும் என்பது அதன் பொருள். பத்து லட்சம் இருந்தால் அப்போதும் ஆயிரம் மிஞ்சும். நேரத்தை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் அது அளவே இல்லை, வெறும் அலங்காரம்.

இது புதிய தந்திரமும் இல்லை. அமெரிக்காவில் ரேப்பிட் ஷேவ் என்ற சவரக் க்ரீமுக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. உப்புத்தாள்மேல் க்ரீமைத் தடவுவார்கள், உடனே ரேசரை ஓட்டுவார்கள், மணல் வழித்துக்கொண்டு வந்துவிடும். உண்மையில் அந்த மாதிரி உப்புத்தாள் சுமார் 80 நிமிடம் ஊறினால்தான் மணல் பெயரும். படத்தில் இருந்தது தாளே இல்லை, பிளாஸ்டிக் கண்ணாடிமேல் தூவிய மணல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965-இல் தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. விளம்பரத்தைத் தயாரித்த ஏஜென்சியும் அந்த வழக்கில் ஒரு தரப்பு என்பதை எங்கள் தொழிலில் பலர் மறந்துவிடுகிறார்கள். நான் மறக்க விரும்பவில்லை. 80 நிமிடத்தை அவர்கள் ஒளித்தார்கள், நாம் பத்தை ஒளித்திருக்கிறோம். முன்னேற்றம்தான்.

உண்மையைச் சொன்னால் விற்காது என்பீர்கள். தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஷ்லிட்ஸ் பீருக்கு விளம்பரம் எழுத வந்த க்ளாட் ஹாப்கின்ஸ் முதலில் ஆலைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். பாட்டில்களை எப்படிக் கழுவுகிறார்கள், காற்றை எப்படி வடிகட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அதையே எழுதினார். "எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்" என்றார்கள் ஆலைக்காரர்கள். செய்கிறார்கள், ஆனால் அதுவரை யாரும் சொல்லவில்லை. இன்னொரு விளம்பர எழுத்தாளர் டேவிட் ஆகில்வி 1958-இல் ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதுவதற்கு முன் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்தார். மணிக்கு 60 மைல் வேகத்திலும் உள்ளே பெரிதாகக் கேட்பது மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்ற வரி அந்தப் படிப்பில் கிடைத்தது. அறையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்து வந்ததில்லை. எங்களுக்கு மூன்று வாரம் வேண்டாம். மூன்று நாள் தாருங்கள். நாளை காலைக்குள் வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு மெயில் போடாமல் இருந்தால் அதுவே பெரிய புண்ணியம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு பாத்திரம் கழுவும் திரவத்துக்கு "புதிய, மேம்பட்ட" என்று எழுதச் சொன்னீர்கள். என்ன புதிது என்றேன். மூடி. பச்சையிலிருந்து நீலம். சரி, மேம்பட்டது? மூடி திறக்கச் சுலபமாம். "இயற்கையின் சக்தி" என்று இன்னொன்று. இயற்கை எங்கே இருக்கிறது என்று தேடினால் வாசனையில் ஒரு சொட்டு. நிபுணர் பரிந்துரை என்கிறீர்கள், எந்த நிபுணர் என்றால் வெள்ளைக் கோட்டு போட்ட மாடல் வந்து நிற்கிறார். லோகோவை இன்னும் பெரிதாக்கச் சொல்வதில் உங்களுக்குச் சளைப்பே இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை ஒரு தடவையாவது பெரிதாக்கச் சொல்லியிருக்கிறீர்களா?

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கோபித்துக்கொள்ள எழுதவில்லை, கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த அறிக்கை அன்றைக்கே கையில் இருந்திருந்தால் வேறு வரி எழுதியிருப்பேன். இப்போது எழுதிப் பார்த்தேன்: "தெளித்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடம் அது வேலை செய்யட்டும்." நாளுக்கு நான்கு தடவை துடைக்கிற ஒருத்திக்குப் பத்து நிமிடம் உட்காரச் சொல்கிற பொருளைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் பிரீஃபில் கேட்ட நிம்மதி அதில்தான் இருக்கிறது. குறை என்று நினைத்து நீங்கள் பின்பக்கம் தள்ளியதுதான் விற்கக்கூடிய சரக்கு. எங்களிடம் காட்டியிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆகவே மறுபடியும், பணிவோடு: பொருளையும் சோதனை அறிக்கையையும் பிரீஃபோடு அனுப்புங்கள். எப்படிப் பயன்படுத்தினால் நீங்கள் சொல்வது நடக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நாங்கள் எழுதுகிற வாசகத்தோடு பொருந்தாத நிபந்தனை ஏதாவது இருந்தால் நட்சத்திரம் போடாதீர்கள், போன் போடுங்கள். வாசகத்தை மாற்றித் தருகிறோம். அதற்குத்தானே சம்பளம்.

அடுத்த பிரீஃப் திங்கட்கிழமை வருமாம். குளியலறை கழுவும் திரவம் என்றார்கள். கூடவே ஒரு பாட்டிலும் அறிக்கையும் வரும் என்று காத்திருக்கிறேன். இந்தத் தடவை எத்தனை நிமிடம் என்று அக்கா இப்போதே கேட்டுவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
"தெளி, துடை, முடிஞ்சது" எழுதியவன்