ஆயாவை ‘அவள்’ என்று எழுத முடியாத பிள்ளை

சென்னைப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் என் வீட்டு வராந்தாவில் மாலை வேளைகளில் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காசிமேட்டில் மீன் விற்கும் தன் ஆயாவைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் காட்டினாள். ஆயா வரும் இடமெல்லாம் ‘தே’ (they, அவர்கள்) என்று எழுதியிருந்தாள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். “ஷி தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும் மிஸ். ஷின்னா அவள்னு போர்டுல எழுதிப் போட்டாங்க. ஆயாவைப் போய் அவள்னு எப்படி மிஸ் எழுதுவேன்?”

வீட்டில் ‘ஆயா வந்தாங்க’ என்று பன்மையில் மரியாதை கொடுத்துப் பேசுகிற பிள்ளை, அதே மரியாதையை ஆங்கிலத்திலும் தேடியிருக்கிறாள். ஹி, ஷி இரண்டிலும் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ராணியும் ஷி, கைக்குழந்தையும் ஷி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்திலும் ஒருகாலத்தில் நீ என்பதற்குத் ‘தௌ’ (thou), மரியாதைக்கு ‘யு’ (you) என்று இரண்டு இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்து, எல்லாருக்கும் ‘யு’ என்றாகிவிட்டது. இதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. தயவுசெய்து போர்டில் ‘ஷி’ பக்கத்தில் அவள், அவர் இரண்டையும் எழுதிப் போடுங்கள்.

அதற்காக, ‘தே’ ஒருவரைக் குறிக்கவே கூடாது என்று அடித்துச் சொல்லிவிடவும் வேண்டாம். ஆணா பெண்ணா என்று நமக்குத் தெரியாத ஒருவரையும், தன்னை ‘தே’ என்றே குறிப்பிடச் சொல்பவரையும் அப்படிச் சொல்வது ஆங்கில வழக்குதான். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் ஆண்டின் சொல்லாக அதைத்தான் அறிவித்தது.

அப்புறம் ஐ, மி. ‘பிட்வீன் யு அண்ட் ஐ’ என்று நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். ஆனால் ‘உனக்கும் நானுக்கும் நடுவில்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது சொல்லுமா? வேற்றுமை உருபு சேரும்போது ‘நான்’ என்பது ‘என்’ ஆவது போலத்தான் அங்கே ‘ஐ’ என்பது ‘மி’ ஆகிறது; ‘பிட்வீன் யு அண்ட் மி’ என்பதே சரி. பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கும் இலக்கணம் இது. ஓரிடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரிவிடும். ‘எனக்குப் பசிக்குது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம். அங்கே ஆங்கிலத்துக்கு ‘ஐ’தான் வேண்டும். அதற்கென்று ஒரு பீரியட் ஒதுக்கி நடத்துங்கள்.

‘மைசெல்ஃப் குமார்’ என்பதையும் இதேபோல் திருத்தலாம். ‘என்னையே குமார்’ என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைகளே சரிசெய்துகொள்வார்கள்.

வட்டம் போடுவதற்கு முன், ஏன் இப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பெண் கட்டுரையை ‘ஷி’ போட்டுத் திருப்பி எழுதிவிட்டாள். திங்கட்கிழமை அந்த நோட்டு உங்களில் ஒருவர் மேசைக்கு வரும்.

அன்புடன்,
வியாசர்பாடி டியூஷன் மிஸ்