அதே அட்டையில் இன்னொரு தேதி

தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் இருதயப் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு, வணக்கம்.

என் பேரன் உயிரோடு இருப்பது உங்கள் டாக்டர்களால்தான். இருதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறந்தவன். பச்சைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்து காப்பாற்றினீர்கள். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் போன மாதம் கிளினிக்கில் நடந்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இப்போது முதல் வகுப்புப் படிக்கிறான். சட்டைப் பொத்தானைத் துளைக்கு நேரே பிடிக்கிறான், விரல் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறான். கழுத்துப் பொத்தானுக்கு வருவதற்குள் வேன்காரர் ஹூட்டர் அடித்துவிடுகிறார். பென்சிலும் அப்படித்தான். சோம்பேறி என்று டீச்சர் எழுதி அனுப்பினார். இதைக் கிளினிக்கில் சொன்னோம். "எக்கோ ஸ்கேன் நன்றாக இருக்கிறது, நாங்கள் இருதயம் மட்டும்தான் பார்ப்போம்" என்று அடுத்த வருடத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்கள்.

உங்களுக்குத் தெரியாத விஷயமா இது? இந்தக் கோளாறில் கருவிலேயே மூளைக்குப் பிராணவாயு குறைந்த ரத்தம்தான் போகிறது. மாதம் நிறைந்து பிறந்தாலும் மூளை ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டிப் பல வருடமாகிறது. சில குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்பே மூளையின் வெண்பகுதியில் காயம் தெரிகிறது. படம் சுத்தமாக இருந்தும் பிற்பாடு தடுமாறுகிற பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் அமெரிக்க இருதயச் சங்கம் 2012இலேயே, இப்படிப்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை 12 முதல் 24 மாதத்தில், 3 முதல் 5 வயதில், மறுபடி 11, 12 வயதில் சோதித்துப் பார்க்கச் சொன்னது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இருதயத்துக்குத் தேதி போடுகிற அதே அட்டையில் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் ஒரு தேதி போடுங்கள்.

மெஷின் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கும், எல்லாம் புரிகிறது. எல்லோருக்கும் அதைக் கேட்கவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து, அவன் கட்டை அடுக்குவதையும் பேசுவதையும் பார்த்து எழுதட்டும். தேவைப்படுகிறவர்களுக்குப் படம் எடுங்கள். 1967இல் உலகத்திலேயே முதன்முதலாக மனித இருதயத்தை மாற்றி வைத்த நாட்டில் இதற்கு வழியில்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

நீங்கள் யாரும் சொல்லாததால் பழியெல்லாம் என் மருமகள் தலையில் விழுந்தது. மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாயா என்று எங்கள் உறவிலேயே கேட்டார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். அவனுக்கு 2 வயதானபோதே உங்களிடமிருந்து ஒரு தாள் வந்திருந்தால் அவள் அதை எடுத்துக் காட்டியிருப்பாள். கைக்கான பயிற்சியும் அப்போதே தொடங்கியிருக்கும்.

மரியாதைக் குறைவாக எழுத வேண்டும் என்பது என் எண்ணமில்லை. என் பேரனுக்கு இந்த வருடத்துக்குள் ஒரு தேதி கொடுங்கள். இனிமேல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் அட்டையிலும் அந்த இரண்டாவது தேதியை எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆயா