பைசனின் பார்வையும் சுவாவின் பூக்குழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கலைஞர் பில் வயோலாவைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். விலங்குகளின் வெறியைக் காட்டி நம்மைப் பயமுறுத்தியவர் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் குறிப்பிடும் 1986ஆம் ஆண்டு வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். 89 நிமிடம் ஓடும். அதன் தலைப்பு ரிக் வேதத்தில் வரும் ஒரு வரி. 'நான் எதைப் போன்றவன், அறியேன்' என்று தமிழில் சொல்லலாம். நாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கேமராவின்மேல் பாயும் இடம் அதில் உண்டு. சரி, அங்கே தூக்கிவாரிப் போடத்தான் செய்கிறது. அடுத்த நிமிஷமே மறந்தும் போகிறது.

எனக்கு நிஜமாகப் பயம் வந்தது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா புல்வெளியில் பைசன்கள், அதாவது அந்த ஊர்க் காட்டு மாடுகள், சும்மா நிற்கும் இடத்தில்தான். விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. கேமராவுக்கும் அவசரம் இல்லை. அந்த விலங்கின் பார்வையில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. வீட்டில் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நம் மாடு நம்மைப் பார்த்தால் தவிட்டுக்குத்தான் பார்க்கும். இது நம்மிடம் எதையும் கேட்கவில்லை. நாம் நிற்பதே அதற்கு ஒரு பொருட்டில்லை.

ஆந்தை வரும் காட்சியைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. கேமரா அதன் கண்ணை நெருங்கிக்கொண்டே போக, கருமணிக்குள் கேமராவோடு இருக்கும் வயோலாவே தெரிகிறார். விலங்குகளின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க 1984இல் சான் டியேகோ மிருகக்காட்சி சாலைக்கே போய் வேலை பார்த்த மனிதர் அவர்.

அப்புறம், அந்த வீடியோவில் வரும் தீமிதி. 'பிஜித் தீவில் நடக்கும் ஓர் இந்துச் சடங்கு' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் தாண்டிவிட்டார். ஐயா, அது நம் ஊர்ச் சடங்கு. வயோலா அதைப் படமெடுத்தது சுவா நகரில் உள்ள மகாதேவி கோயிலில். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி, பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் மற்றத் தென்னிந்தியர்களும் கூடவே கொண்டுபோன அம்மன் வழிபாடு அது.

விலங்குகளைக் காட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பகுதியில் ஏன் இதைக் கொண்டுவந்து வைத்தார் என்று கட்டுரையாளர் குழம்புகிறார். எனக்குக் குழப்பம் வரவில்லை. எங்கள் நத்தம் பக்கம் இதைப் பூக்குழி என்போம். எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கள் அத்தை இறங்கினார். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்ட அதே அத்தை. மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாகக் குழி ஓரம் நின்றவர், கூப்பிட்ட குரலுக்கு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் இல்லை. நெருப்பைப் பார்த்து அல்ல, அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். பல வருஷம் கழித்து, மடிக்கணினித் திரையில் அந்தப் பைசன் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அத்தையின் முகம்.

கட்டுரைக்கு நீங்கள் பெரிதாகப் போட்டிருந்தது நாயின் படம். ஆந்தையைப் போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நத்தம், திண்டுக்கல் மாவட்டம்