தையற்கடையிலிருந்து திரும்பி வந்த பாடல்கள்

பாடியவர்களுக்கும், பாடல்களைத் தந்தவர்களுக்கும், கேட்டவர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, சினிமா சாராத பாடல்களுக்கான நம் பாட்காஸ்ட் மீண்டும் திறந்தது. அதற்கு முந்தைய பத்தொன்பது நாட்களில் நடந்தவை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, பாடல் உரிமைப் புகார்களால் பாட்காஸ்ட் கணக்கு முடக்கப்பட்ட அதே வாரத்தில் ஹார்ட் டிஸ்க்கும் உயிரை விட்டது என்ற ஒரு வரி போதும். மறுபடி அதைக் கிளற எனக்கு மனமில்லை. இன்னும் தூக்கம் சரியாக வருவதில்லை என்பதால் இந்த மடலில் வாக்கியங்கள் சற்று நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, அருப்புக்கோட்டைப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பழைய எபிசோடுகளைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தெரிவியுங்கள் என்று நான் கேட்டுக்கொண்ட நான்காம் நாள், ஸ்பீட் போஸ்டில் ஓர் உறை வந்தது. உள்ளே தீப்பெட்டியில் பாதியளவுக்கு ஒரு துணிப்பை. மஞ்சள் ஜாக்கெட் துணியில் தைத்து, உட்புறம் லைனிங் கொடுத்து, வாயில் ஒற்றைக் கொக்கி வைத்திருந்தார். கொக்கியை விலக்கிக் கவிழ்த்ததும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. கடையில் இருக்கும் ஸ்பீக்கரில் செருகிப் பாட்டுக் கேட்கும் எட்டு ஜிபி கார்டு அது.

கூடவே, அளவு குறிக்கும் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். உயரம், தோள், கை, கழுத்து என்று மேலே அச்சடித்திருந்த கட்டங்களுக்குக் கீழே எபிசோடு எண்களை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு இருந்தன. மூன்றுக்கு நேராகக் கோடு போட்டு, "இது மட்டும் மகன் அழித்துவிட்டான்" என்று குறிப்பு. தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "தம்பி, உங்கள் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும்தான் வைத்திருக்கிறேன். பேச்சு கேட்டுக்கொண்டு தைத்தால் அளவு தப்பிப் போகிறது. பாட்டுக்குத் தப்புவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்."

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறிய செய்தியும், அதைத் தொடர்ந்து கானாவும் ராப்பும் ஒப்பாரியும் சினிமாவின் தயவில்லாமல் கேட்கக் கிடைத்த அந்தப் பரபரப்பும்தான் என்னை மைக் வாங்க வைத்தன. அன்றிலிருந்து, பகலெல்லாம் மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் எதிரொலி அடங்குவதற்காகத் துணி பீரோவைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய வழிய நான் பேசியவை ஒவ்வொரு எபிசோடிலும் இருபது நிமிடத்துக்குக் குறையாது. பாடலைவிடப் பாடலைப் பற்றிய என் விளக்கத்துக்காகவே நேயர்கள் வருகிறார்கள் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணமும் இருந்தது. அந்தப் பேச்சு முழுவதையும் யாரோ ஓர் அக்கா துணி வெட்டுவது போல வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

கார்டைக் கணினியில் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. கோப்புகளுக்கு நான் வைத்த பெயர் எதுவும் இல்லை. "காஜா எடுக்கும்போது", "தீபாவளி ராத்திரி வேலை", "அண்ணன் தங்கச்சி சண்டை", "தகரத்து மழை" என்று எல்லாவற்றுக்கும் அவரே பெயர் சூட்டியிருந்தார். அந்தத் "தகரத்து மழை"யைத் திறந்ததும் நான் எழுந்து அறைக்கு வெளியே போய்விட்டேன். இப்போது குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, கிளம்புவதற்கு முந்தைய மாதம் எங்கள் வீட்டு மாடியில் கிட்டாரோடு பாடிய பாட்டு அது. பாதியில் மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரை அதிர, நிறுத்தலாமா என்று அவர் கண்ணால் கேட்க, வேண்டாம் என்று நான் கையசைக்க, அப்படியே பதிவானது. அவர் பாடியதற்கு வேறு பதிவு கிடையாது. மற்ற கலைஞர்கள் தங்களிடமிருந்த மூலக் கோப்புகளை மறுபடி அனுப்பிவிட முடிந்தது. இந்தப் பாட்டுக்கு மூலம் என் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. செல்போன் செயலியில் வெட்டி மறுபடி எம்பி3 ஆக்கியதால் ஒலி சற்றுத் தேய்ந்திருக்கிறது, மழையோசை மணல் வறுப்பது போலக் கேட்கிறது. இருக்கட்டும். அவருக்கு அன்றிரவே அனுப்பினேன். பதிலாக ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் அவருடைய அம்மா என்னை அழைத்துப் பேசினார்.

அக்காவின் தாளில் கடைசியாக இருந்த குறிப்பைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "எட்டுப் பாட்டில் மட்டும் நீங்கள் பாட்டின் மேலேயே பேசியிருக்கிறீர்கள். அதை வெட்ட முடியவில்லை. 12 சத்தம் கம்மி, 13 காதைப் பிளக்கிறது." ஆக, ஐம்பத்தெட்டு எபிசோடுகளில் என் குரல் எஞ்சியிருப்பது, அது இருக்கவே கூடாத எட்டு இடங்களில். முகப்பிசை ஓடும்போது மேலே பேசுவது வானொலியிலிருந்து நான் பழகிக்கொண்ட பழக்கம். பாடியவர்களில் ஒருவர்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை, அவர்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் சரிதான். பாட்காஸ்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவை நான் முதல் இருபது எபிசோடுகள் வரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

மற்றவர்களைத் தனித்தனியே சொல்ல இடம் போதாது. தங்கள் பாடல்களுக்காக எழுந்த உரிமைக் கோரிக்கைகளைத் திரும்பப் பெறச் சொல்லி, பாடல்களை இணையத் தளங்களில் சேர்த்துக் கொடுக்கும் தங்கள் விநியோக நிறுவனங்களுக்கு இரவோடு இரவாகக் கடிதம் எழுதிய பதினோரு கலைஞர்கள். அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்த வழக்கறிஞர் நண்பர். செத்த ஹார்ட் டிஸ்க்கை இரண்டு நாள் வைத்துப் போராடிவிட்டு, முடியவில்லை என்றதும் காசு வாங்க மறுத்த ரிச்சி தெருக் கடைக்காரர். அடுத்த ஓராண்டுக் கட்டணத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிவிட்ட அலுவலகத் தோழர். பத்தொன்பது நாளும் என் புலம்பலைக் கேட்ட என் மனைவி. உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

கலைஞர்களுக்கு ஒரு சொல். சினிமாப் பாட்டென்றால் ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும். உங்கள் பாட்டை எழுதி, இசையமைத்து, பதிவு செய்ததெல்லாம் நீங்களே என்பதால் உங்களுடைய ஒரு மின்னஞ்சல் போதும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது போதவில்லை. பாடலை விநியோகத்துக்குக் கொடுத்த பின், நீங்கள் எனக்கு அனுமதி தந்ததை அறியாத ஓர் இயந்திரம் உங்கள் பெயரிலேயே என் மீது புகார் எழுப்புகிறது. ஆகவே இனி ஒரு பாடலைச் சேர்க்கும் முன், எழுத்துமூல அனுமதியோடு, விநியோகத்தாரிடம் நம் பாட்காஸ்டுக்கு விலக்குப் பெற்றிருக்கிறீர்களா என்றும் கேட்பேன். சலித்துக்கொள்ளாதீர்கள். எல்லாப் பதிவுகளுக்கும் இரண்டு ஊர்களில் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்றைத் தம்பியின் அம்மா தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பாடல் ஒலிக்கும்போது நான் வாய் திறக்க மாட்டேன். என் பேச்சு ஒவ்வொரு எபிசோடின் இறுதியில், ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் இருக்கும், வெட்டுவதற்கும் வசதி.

தாளின் ஓரத்தில், பென்சிலில், மிகச் சிறிய எழுத்தில் அக்கா ஒரு வரி சேர்த்திருந்ததை நான் இரண்டாம் நாள்தான் கவனித்தேன்: "கார்டை வேலை முடிந்ததும் அனுப்பவும். கடையில் பாட்டு இல்லை." தன்னிடமிருந்த ஒரே கார்டைப் பிரதி எடுக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறார். அன்று மாலையே தபாலில் சேர்த்துவிட்டேன், விடுபட்ட மூன்று எபிசோடுகளில் மீட்க முடிந்த பாடல்களையும் ஏற்றி, பேச்சை நானே வெட்டி.

நேற்று அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கார்டு கிடைத்தது, பாட்டு ஓடுகிறது, பை எங்கே என்று கேட்டிருக்கிறார். அக்கா, பை என் மேசையில் இருக்கிறது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.