நிவேதாவின் அமெரிக்க ஆஃபரும் ஒரு டாட்டூ கடைக் கதையும்

அன்புள்ள பாண்டி,

உன் மெயில் கிடைத்தது. நிவேதாவை அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பாளையங்கோட்டை மண் கோர்ட்டில் வெயிலென்றும் பாராமல் நீ பந்து போட்டு வளர்த்த பிள்ளை. ரொம்ப சந்தோஷம்டா. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் நிம்மதி. இங்கே அமெரிக்காவில் கொலம்பஸில் குளிர் ஆரம்பித்துவிட்டது, எனக்கு இருமல் நின்றபாடில்லை, மற்றபடி குறையில்லை.

“அங்கே காலேஜ் பிள்ளைகள் விளையாடியே கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்களாமே” என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். ஆனால் யார் சம்பாதிக்கிறார்கள், யாரை நோண்டுகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு. எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

இங்குள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சனிக்கிழமை ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, கையில் பந்தைத் தூக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம்) மேட்ச் என்றால் அந்தப் பக்கம் காரை எடுக்கவே மாட்டோம். 2010 டிசம்பரில் அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர், டெரல் பிரையரும் இன்னும் நாலு பேரும் மாட்டினார்கள். குற்றம் என்ன தெரியுமா? ஜெயித்ததற்குக் கிடைத்த மோதிரம், ஜெர்சி எல்லாம் விற்றுக் காசு வாங்கினார்கள், ஒரு கடையில் டாட்டூவும் குத்திக்கொண்டார்கள். அவர்களுடைய மோதிரம், அவர்கள் விற்றார்கள், அவ்வளவுதான். விளையாட்டை வைத்து மாணவர்கள் காசு பார்க்கக் கூடாது என்பது அப்போதைய விதி என்று கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஐந்து மேட்சுக்குத் தடை போட்டது. சரி, விதி என்றால் விதி. ஆனால் அந்தத் தடை அடுத்த வருட சீசனில்தான் தொடங்குமாம். பத்துப் பன்னிரண்டு நாளில் வரவிருந்த ஷுகர் பவுல் என்ற சீசன் கடைசிப் பெரிய மேட்சில் ஐந்து பேரும் தாராளமாக ஆடலாமாம்! டி.வி.க்காரனும் ஸ்பான்சரும் காத்திருக்கிற மேட்ச் ஆயிற்றே. ஆடினார்கள், ஜெயித்தார்கள், பிறகு அந்த வெற்றியையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். வந்த பணத்தைப் பார்வையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. கோச் ஜிம் டிரெசலுக்கு விஷயம் 2010 ஏப்ரலிலேயே தெரியும், வாயே திறக்கவில்லை. அது வெளியே வந்து 2011 மே மாதம் ராஜினாமா செய்தார்.

இதோடு வட கரோலினாவை வைத்துப் பார். அங்கே சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பேருக்குச் சில பாடங்கள் நடந்தன. வகுப்பே கிடையாது, கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் மார்க். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் எடுத்திருக்கிறார்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக விளையாட்டுக்காரர்கள். படிப்பு என்ற பேரில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். 2017-இல் என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு சொன்னது: அந்த வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே எங்கள் விதியை மீறியதாகச் சொல்ல முடியாது. தண்டனை இல்லை. பிள்ளைகள் கையில் காசு போனால் விதி பாயும், பிள்ளைகளுடைய படிப்பு போனால் பாயாது என்றுதான் எனக்குப் படுகிறது. அதிலும் பெரிய இடத்தைத் தொடக் கை கூசும். ஜெரி டார்கேனியன் என்று லாஸ் வேகஸில் ஒரு பாஸ்கெட்பால் கோச் இருந்தார், ஆயுள் முழுக்க என்.சி.ஏ.ஏ.வோடு சண்டை. பாஸ்கெட்பாலில் பெரிய பேரான கென்டக்கி பல்கலைக்கழகத்தின் மேல் அவர்களுக்கு வந்த கோபத்தில், க்ளீவ்லண்ட் ஸ்டேட் என்ற சின்னப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் இரண்டு வருடம் தண்டனை கொடுப்பார்கள் என்று அவர் அடித்த ஜோக்கை இன்றும் இங்கே சொல்வார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். அடுத்த மாதமே, தன் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. 2025 ஜூனில் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட இன்னொரு பெரிய வழக்கு சமரசமானது. பழைய வீரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் தர வேண்டும். அது போக, சமரசத்தில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருடம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். பெரிய கல்லூரிகளில் இதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகிறது. பழைய பாக்கியிலும் அதே கதை என்று பெண் வீரர்கள் சிலர் அப்பீல் போனார்கள்.

கூடவே புதிதாக ஒரு கண்காணிப்பு அமைப்பும் வந்திருக்கிறது. 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள எந்த விளம்பர ஒப்பந்தத்தையும் அதில் பதிய வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்தத் தொகை நியாயமான சந்தை விலையா என்று பார்ப்பார்களாம். தப்பான காசு உள்ளே வரக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் 2023-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பச் சுமார் 7.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டபோது சந்தை விலையை எவன் கேட்டான்? வேலை செய்யாமல் இருப்பதற்கு 7.6 கோடி!

சரி, இனி நம் பிள்ளை விஷயம். டென்னிஸில் ஒரு விநோதம் பார். ரீஸ் பிரான்ட்மையர் என்ற பெண் 2021-இல், கல்லூரியில் சேரும் முன்பு, யு.எஸ். ஓப்பனில் ஆடி ஏறத்தாழ 49,000 டாலர் ஜெயித்தாள். கல்லூரியில் ஆட வேண்டும் என்பதற்காகப் பெரும்பகுதியை விட்டுவிட நேர்ந்தது. ஷூ விளம்பரத்தில் சிரித்து லட்சம் லட்சமாக வாங்கினால் தப்பில்லை, ராக்கெட்டால் ஜெயித்ததை வாங்கினால் தப்பு என்பது அன்றைய விதி! 2024-இல் அவள் வழக்குப் போட்டாள். நிவேதாவும் ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகளில் பரிசுப் பணம் வாங்கியிருப்பாள் இல்லையா? ஒவ்வொரு போட்டிக்கும் வாங்கியது எவ்வளவு, ரயில், ஹோட்டல், கோச் பீஸ் எவ்வளவு என்று பில்லோடு எடுத்து வை. செலவுக் கணக்கு காட்டினால் சமாளித்துக்கொள்ளலாம். இன்றைய விதி என்ன என்பதை அந்தக் கல்லூரியில் எழுத்தில் வாங்கிக்கொள்.

விளம்பரக் காசை இப்போதைக்கு மறந்துவிடு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்கள் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி குறுகியது. இங்கே ஒரு ஸ்டோருக்குப் போய் போஸ் கொடுத்துப் பணம் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. காங்கோவிலிருந்து வந்த பாஸ்கெட்பால் வீரர் ஆஸ்கர் ஷிப்வே, கென்டக்கி அணி 2022-இல் பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். அதற்கெல்லாம் வக்கீல் வேண்டும், மாப்ளே.

ஸ்காலர்ஷிப்தான் உனக்கு முக்கியம். அது ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா என்று பார். முன்பு பெண்கள் டென்னிஸுக்கு எட்டு ஸ்காலர்ஷிப் வரம்பு. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இப்போது அணிக்கே பத்துப் பேர்தான், அதில் எத்தனை பேருக்கு முழுப் பணம் என்பது கல்லூரியின் இஷ்டம். இன்னொன்று: ஃபுட்பாலுக்குக் கொட்டக் காசு தேடிச் சில கல்லூரிகள் டென்னிஸ் அணியையே கலைத்துவிட்டன. அப்படி ஆனால் ஸ்காலர்ஷிப் நிற்குமா, காயம் பட்டால் நிற்குமா, இரண்டையும் வெட்கப்படாமல் கேள்.

ஆஃபர் லெட்டரை ஸ்கேன் செய்து அனுப்பு, கையெழுத்துப் போடும் முன் நானும் படித்துப் பார்க்கிறேன். கோச்சோடு வீடியோ கால் எப்போது என்றும் சொல். உனக்கு இரவு ஒன்பதரை என்றால் எனக்குக் காலை பதினொன்று, நானும் உட்கார்ந்துகொள்வேன்.

அன்புடன்,
சங்கர்