லீட் போடுவதற்கு முன் பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேளுங்கள்

பெரியவர்களுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தும் இதய மருத்துவர்களுக்கு,

வணக்கம். பிறவி இதயக் கோளாறுக்குச் சிறுவயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. எங்களில் பலருக்கு வளர்ந்த பிறகு இதயத்துடிப்பு மந்தமாகி, பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. அப்போது நாங்கள் வந்து நிற்பது பெரும்பாலும் உங்களிடம்தான், குழந்தை இதய மருத்துவரிடம் அல்ல.

எங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் பாதை நீங்கள் தினமும் பார்க்கும் பாதை இல்லை. ஒரு கீழறை மட்டுமே சரியாக வளர்ந்ததால் ஃபான்டன் ஆபரேஷன் ஆனவருக்கு உடலிலிருந்து திரும்பும் ரத்தம் கீழறைக்குப் போகாமல் நேராக நுரையீரலுக்குப் போகிறது. தோள்பட்டைப் பக்கத்துச் சிரையில் லீடை, அதாவது பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் மின்கம்பியை, விட்டால் அது வழக்கமான வழியில் கீழறையை எட்டாது. பெரும்பாலும் நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில்தான் தைக்க வேண்டும். இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறந்து, மஸ்டர்ட் அல்லது சென்னிங் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சிரை வழி உண்டு. ஆனால் ரத்தத்தைத் திருப்பிவிட மேலறைக்குள் தைத்த பாதை சுருங்கியிருக்கலாம், லீட் போனதும் முழுக்க அடைத்துக்கொள்ளவும் கூடும். அதில் சின்ன ஓட்டை இருந்தாலோ இன்னும் மோசம்: லீடில் படியும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ஓட்டை மிச்சமிருப்பவர்களுக்குச் சிரைவழி லீட் ரத்தக்கட்டி ஆபத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது.

உடலுக்குள் முழுமையாக வைத்த முதல் பேஸ்மேக்கரை 1958-ல் பொருத்தியவர் ஸ்வீடனின் ஓகே சென்னிங். மேலே சொன்ன சென்னிங் ஆபரேஷனும் அவருடையதுதான். ஒரே மருத்துவரின் கையில் தொடங்கிய இந்த இரண்டும் இன்று ஒன்றையொன்று அறியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மயங்கி விழுந்து வந்தவருக்கு நெஞ்சின் மேல் மின்தூண்டல் தரும் பேட் ஒட்டியாவது உடனே துடிப்பைக் காப்பாற்றுங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் பலர் தேதி குறித்துத்தான் வருகிறோம். அப்போதாவது சிரைகளை ஸ்கேனில் பாருங்கள். சிரையில் நுண்குமிழி கலந்த உப்புநீரைச் செலுத்திப் பார்க்கும் குமிழி எக்கோ எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். மேலறைத் துடிப்பு மட்டும்தான் மந்தமா, அங்கிருந்து கீழறைக்கு மின்துடிப்பு சரியாகப் போகிறதா? அப்படியானால் மேலறையை மட்டும் தூண்டினால் போதுமா என்று யோசியுங்கள். கீழறையை வருடக்கணக்கில் தேவையில்லாமல் தூண்டினால் அது பலவீனப்படலாம். பிறவி இதய நோயில் தேர்ந்தவரிடம் ஒரு போன் போட்டும் பேசுங்கள்.

பழைய குறிப்பு எங்களிடம் இல்லையென்றால், "சரி, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கிவிடாதீர்கள். ஆபரேஷன் நடந்த இடத்திலிருந்து அதை வரவழைக்கப் பாருங்கள். அதற்காக நாங்கள் காத்திருக்கத் தயார்.

அன்புடன்,
ஆபரேஷன் ஆன இதயத்தோடு வாழும் ஒருத்தி