இரண்டாம் பருவ நிறைவும் மதிய உணவு வேளையும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவுற்றன. விளையாட்டு விழாவிலும் இலக்கிய மன்றப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள். மதிப்பெண் அட்டைகள் பள்ளி திறக்கும் நாளில் வழங்கப்படும்.

மதிய உணவைப் பற்றித் தங்களிடம் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. உணவு இடைவேளை 12.30 முதல் 1.10 வரை. வீட்டிலிருந்து சுடச்சுடக் கொண்டுவரப்படும் சாப்பாட்டுப் பைகள் பல, ஒரு மணி நெருங்கும்போதுதான் வாயிலுக்கு வந்து சேர்கின்றன. அதுவரை காத்து நின்ற பிள்ளைகள் ஐந்தாறு நிமிடங்களில் அள்ளி விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள்.

1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. நாம் வழக்கமாக உண்ணும் வேளைக்குச் சற்று முன்பே அது இரத்தத்தில் உயர்ந்து மூளைக்குப் பசியை உணர்த்துகிறது; உண்டபின் தணிகிறது. மணி அடித்ததும் வாயிலை எட்டி எட்டிப் பார்க்கும் குழந்தையின் தவிப்பைப் பிடிவாதம் என்று தயவுசெய்து கருத வேண்டாம்.

'போதும்' என்னும் உணர்வு குடலிலிருந்து வருகிறது. பருப்பு, முட்டை, நெய் ஆகியவற்றிலுள்ள புரதமும் கொழுப்பும் சிறுகுடலின் முற்பகுதியை அடையும்போது கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. குடலின் பிற்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பெப்டைடு ஒய்ஒய் என்னும் ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. இவை போதிய அளவு கூடுவதற்கு நேரம் வேண்டும். 2010இல் கிரேக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், 17 ஆண்கள் 300 மில்லிலிட்டர் ஐஸ்கிரீமை ஒருமுறை 5 நிமிடங்களிலும் மற்றொருமுறை 30 நிமிடங்களிலும் உண்டனர். நிதானமாக உண்டபோது, இறுதியாகச் சொன்ன இரண்டு ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரந்தன. அது பெரியவர்களிடம் நடந்த ஆய்வு. ஆயினும், அவசரமாக விழுங்கிய பிள்ளை இரண்டு மணிக்கே சிப்ஸ் பொட்டலத்தைத் தேடுவதை நான் நாள்தோறும் காண்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, பள்ளி திறக்கும் நாள் முதல் 12.30 மணிக்குப் பிறகு வாயிலில் சாப்பாட்டுப் பைகள் பெற்றுக்கொள்ளப்படமாட்டா. இவ்விதிக்கு விலக்குக் கோரிக் காவலரிடம் வாதிட வேண்டாம் எனக் கண்டிப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். பை வராத பிள்ளை பசியோடு இருக்காது. அன்று பள்ளியிலேயே தயிர்சாதம் வழங்கப்படும். எழுத்து வேலையை முடிக்கச் சொல்லி உணவு இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. அதையும் நிறுத்திவிட்டோம்.

வேலைக்குப் போகும் அவசரத்துக்கிடையிலும் பிள்ளைக்குச் சூடாக ஊட்ட வேண்டும் என்ற அன்பினால்தான் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்பதை நான் நன்கு அறிவேன். காலையிலேயே கட்டிக் கொடுக்கும் சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் ஆறியிருந்தாலும், அரை மணி நேரம் உட்கார்ந்து நிதானமாக உண்ண அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். தங்கள் ஒத்துழைப்புக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்